ஒரு சதுர சென்டிமீட்டர் இரும்பின் விலை

2025 ஜூலையில் யூனியன் பசிபிக் என்ற அமெரிக்க ரயில் நிறுவனம், நார்ஃபோக் சதர்ன் என்ற இன்னொரு ரயில் நிறுவனத்தை 8,500 கோடி டாலர் மதிப்பில் வாங்கப்போவதாக அறிவித்தது. செய்தியைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்காவில் மக்கள் காரிலும் விமானத்திலும் போகிறார்கள். சரக்கெல்லாம் லாரியில் போகிறது. அங்கே ஒரு ரயில் கம்பெனிக்கு ஏன் இவ்வளவு விலை?"

கேள்வியில் பாதி சரி. பயணிகளை ஏற்றிச் செல்வதில் அமெரிக்க ரயில்கள் பெயர் சொல்லும்படி இல்லை. நஷ்டம் தந்த பயணிகள் வண்டிகளை 1971-ல் ஆம்ட்ராக் என்ற அரசு சார்ந்த அமைப்பின் தலையில் கட்டிவிட்டுத் தனியார் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. சரக்கு ரயிலின் கதை வேறு. சுமார் 2.2 லட்சம் கி.மீ. பாதை. பெரும்பாலும் அதில் சரக்கு ஏற்றிச் செல்லும் கம்பெனிகளுக்கே சொந்தம். லாரி, அரசு போட்ட சாலையில் ஓடுகிறது. ரயில் கம்பெனி தன் பாதையைத் தானே போட்டு, தானே பராமரித்து, அதற்குச் சொத்து வரியும் கட்டுகிறது. பெரியவை ஆறு: பிஎன்எஸ்எஃப், யூனியன் பசிபிக், சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன், கனடாவிலிருந்து வரும் சிஎன், சிபிகேசி. கூடவே 600-க்கு மேற்பட்ட சின்னக் கம்பெனிகள்.

எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 8,000 கோடி டாலர் சம்பாதிக்கின்றன. லாரித் தொழிலின் வருமானம் இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தால், நாட்டின் சரக்கு வேலையில் கால் பங்குக்கு மேல் ரயில்தான் செய்கிறது. கால் பங்கு வேலைக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கூலி என்றால் கட்டுப்படியாகாது என்றுதான் தோன்றும். நடப்பது நேர் எதிர். 2024-ல் யூனியன் பசிபிக் சம்பாதித்த ஒவ்வொரு 100 டாலருக்கும், ரயிலை ஓட்டவும் பாதையைக் காக்கவும் ஆன செலவு சுமார் 60 டாலர். பல தொழில்கள் பார்த்துப் பொறாமைப்படும் கணக்கு இது. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே 2010-ல் பிஎன்எஸ்எஃப் நிறுவனத்தை, கடனையும் சேர்த்து, 4,400 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது சும்மா இல்லை.

இந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ரப்பர் டயர் உருளும்போது நசுங்கி மீள்கிறது, அதில் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. இரும்பு அவ்வளவாக நசுங்காது. இது பள்ளிப் பாடம், வேகமாகக் கடந்துவிடலாம். எண்கள் மட்டும் முக்கியம். சமதளத் தண்டவாளத்தில், மிதமான வேகத்தில், ஒரு டன் எடையை உருட்டிக்கொண்டு போக இரண்டு கிலோ எடைக்குச் சமமான விசை போதும். லாரிக்கு அதே ஒரு டன்னுக்கு ஆறு முதல் எட்டு கிலோ வேண்டும், காற்றுத் தடை தனி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலக்கரி ஏற்றிய ஒரு வேகன் இன்று 130 டன் வரை இருக்கலாம். நூறு வேகன் என்றால் 13,000 டன். அதை நகர்த்த 26 டன் இழுவிசை வேண்டும். 4,400 குதிரைத்திறன் உள்ள ஒரு நவீன டீசல்-மின் இன்ஜின் புறப்படும்போது 80 டன் வரை இழுக்கும். அதாவது முழுக்கச் சமதளமாக இருந்தால், காகிதக் கணக்கின்படி, ஒரே இன்ஜின் அந்த 13,000 டன்னையும் மணிக்கு 40 கி.மீ.க்கு அருகில் இழுத்துக்கொண்டு போகும். அதே நிலக்கரியை லாரியில் ஏற்றினால் சுமார் 500 லாரி, 500 ஓட்டுநர். ரயிலில் இரண்டே பேர்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த வேகனுக்கு எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றிலும் 16 டன்னுக்கு மேல் சுமை. அந்தச் சக்கரம் தண்டவாளத்தை எவ்வளவு பரப்பில் தொடுகிறது? சுமார் ஒரு சதுர சென்டிமீட்டர். ரயில் முழுவதற்கும் கூட்டினால், 13,000 டன்னும் ஒரு செய்தித்தாள் பக்கத்தைவிடச் சிறிய பரப்பில் நிற்கிறது. இந்தப் பரப்பு எவ்வளவு, அதில் அழுத்தம் எப்படிப் பரவும் என்பதைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ஆம், ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்த அதே ஹெர்ட்ஸ்தான். 1880-களின் தொடக்கத்தில், இருபதுகளின் நடுவில் இருந்த அவர் யோசித்துக்கொண்டிருந்தது ரயிலைப் பற்றி இல்லை. இரண்டு கண்ணாடி வில்லைகளை ஒன்றோடொன்று அழுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பற்றி.

அந்தச் சிறு பரப்புக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் அழகு. இன்ஜினின் சக்கரம் தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அப்படித் தள்ளும்போது, தொடுபரப்புக்குள் நுழையப்போகும் சக்கரத்தின் விளிம்பு கொஞ்சம் நெருக்கப்படுகிறது. அதற்கு எதிரே இருக்கும் தண்டவாளத்தின் மேற்பரப்பு கொஞ்சம் நீட்டப்படுகிறது. நெருக்கப்பட்ட விளிம்பு நீட்டப்பட்ட தண்டவாளத்தின் மேல் படிகிறது. அதனால் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றினாலும், வண்டி அதன் சுற்றளவு முழுவதையும் கடப்பதில்லை, கொஞ்சம் குறைகிறது. நாம் நினைக்கிற மாதிரி சக்கரம் வழுக்கிவிடவும் இல்லை, முழுதாக ஒட்டிக்கொள்ளவும் இல்லை. பொறியாளர்கள் கிரீப் என்று சொல்லும் இந்த மெல்லிய நழுவல் இல்லாமல் இழுவிசையே கிடையாது. சுத்தமாக நழுவாத சக்கரம் எதையும் இழுக்கவில்லை என்றே பொருள்.

1926-ல் எஃப். டபிள்யூ. கார்ட்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதைக் கணிதமாக எழுதினார். தொடுபரப்பின் முன்பகுதி தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பின்பகுதி உரசி நழுவுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள். இழுவையைக் கூட்டக் கூட்ட நழுவும் பகுதி முன்னோக்கி வளர்ந்து, ஒட்டிய பகுதியைத் தின்றுகொண்டே வருகிறது. முழுவதையும் தின்றுவிட்டால் பிடிப்பு உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று தண்டவாளத்தில் பள்ளம் பறிக்கும். அதிகப் பிடிப்பு கிடைக்கும் புள்ளி, பிடிப்பு கைவிட்டுப் போகும் புள்ளிக்கு ஒட்டிய பக்கத்தில் இருக்கிறது. எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

பழைய இன்ஜின்கள் அந்த விளிம்புக்கு அருகில் போகப் பயந்தன. 1970-களின் இன்ஜினை நம்பி, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசைதான் எதிர்பார்க்க முடியும். பிறகு இன்ஜினின் அடியில் ரேடார் பொருத்தினார்கள். தரையில் உண்மையான வேகம் என்ன, சக்கர விளிம்பின் வேகம் என்ன என்று ஒப்பிட்டு, கணினி அந்த நழுவலை உச்சப் புள்ளியிலேயே பிடித்து வைத்தது. 1990-களில் மாறுமின்னோட்டத்தில் (ஏசி) ஓடும் மோட்டார்கள் வந்த பிறகு எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாராளமாக எடுக்க முடிந்தது. 1993-ல் பர்லிங்டன் நார்தர்ன் என்ற ரயில் நிறுவனத்துக்கு எஸ்டி70மேக் என்ற ஏசி மோட்டார் இன்ஜின்கள் வந்தபோது, ஐந்து பழைய இன்ஜின்கள் இழுத்த நிலக்கரி ரயிலை மூன்றே புதியவை இழுத்தன. கார்ட்டரின் ஆய்வுக் கட்டுரைக்கும் இதற்கும் நடுவில் 67 ஆண்டுகள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கொலராடோ மாநிலத்தின் பூவெப்லோ அருகே அரசுக்குச் சொந்தமான ஒரு சோதனைக் களம் இருக்கிறது. அங்கே 4.3 கி.மீ. நீள வட்டப் பாதையில் பாரம் ஏற்றிய ரயில் எங்கேயும் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. தண்டவாளம் எப்போது தேயும், எங்கே வெடிக்கும் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 1988 முதல் அங்கே ஓர் அச்சுக்கு 35 டன் சுமை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சோதனைகளின் துணையோடுதான் வேகனின் மொத்த எடை 119 டன்னிலிருந்து 130 டன்னுக்கு ஏறியது. கூடுதலாகக் கிடைத்ததில் ஏறக்குறைய முழுவதும் சரக்கு. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு யாரும் மேடை போட்டுக் கைதட்டுவதில்லை. வெற்றிடக் குழாயில் ஆளை அனுப்புகிறோம் என்று சொன்ன ஹைப்பர்லூப் ஒன் நிறுவனத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல் முதலீடு கொட்டியது. 2023 இறுதியில் அது கடையை மூடியது. இரும்பு எப்படித் தேய்கிறது என்று இருபது வருடம் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பணம் கொடுக்க இவ்வளவு தயக்கம் காட்டும் உலகம், படம் போட்டுக் காட்டுபவருக்கு அள்ளிக் கொடுப்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவு எளிதாக உருள்வதன் இன்னொரு பக்கத்துக்கு வருவோம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் பாதையில், ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாகப் பத்து கிலோ விசை வேண்டும். இது ரயில், லாரி எல்லாவற்றுக்கும் பொது. லாரிக்கு ஏழு கிலோ பதினேழாகிறது, இரண்டரை மடங்குக்கும் குறைவு. ரயிலுக்கு இரண்டு கிலோ பன்னிரண்டாகிறது, ஆறு மடங்கு! சமதளத்தில் ஒரே இன்ஜின் இழுத்த அந்த 13,000 டன்னுக்கு 156 டன் விசை வேண்டும். உருளும் தடை எவ்வளவு குறைவோ, மேடு அவ்வளவு கொடுமையாகத் தெரியும். கலிபோர்னியாவின் தெஹாச்சப்பி கணவாயில் ஏற்றம் 2.2 சதவீதம். அதற்கு மேல் போகக் கூடாது என்பதற்காக 1876-ல் பாதையையே ஒரு வளையமாகச் சுற்றி, தன் மேலேயே கடந்துபோகும்படி கட்டினார்கள். 1.2 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள ரயில் அங்கே தன் வாலுக்கு மேலாகவே ஏறிப் போகும்.

ரயிலின் பொருளாதாரம் முழுவதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஓட்டுவது மலிவு, ஆனால் அந்த மலிவைப் பெற மலையைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, பாலம் கட்டி, பாதையைத் தட்டையாக்க வேண்டும். அந்தச் செலவு ஒரு ரயில் ஓடினாலும் நூறு ஓடினாலும் ஒன்றுதான். கூடுதலாக ஒரு கன்டெய்னர் ஏற்றினால் ஆகும் செலவு சொற்பம். பாதையின் மொத்தச் செலவை எல்லோருக்கும் சமமாகப் பங்குபோட்டால் கட்டணம் லாரியைத் தாண்டிவிடும். கன்டெய்னர்காரர் லாரிக்குப் போய்விடுவார், அவர் விட்டுச் சென்ற பங்கும் மிச்சம் இருப்பவர் தலையில் விழும். அதனால் போக்கிடம் இருப்பவரிடம் குறைவாகவும், போக்கிடம் இல்லாதவரிடம் அதிகமாகவும் வாங்குகிறார்கள். ஒரே ஒரு ரயில் பாதை மட்டும் வந்து சேரும் மின் நிலையம் அந்த இரண்டாவது வகை. கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் கன்டெய்னர் தன் சொற்பச் செலவுக்கு மேல் கொஞ்சமாவது தரும் வரை, மின் நிலையத்தின் சுமையும் குறையத்தான் செய்கிறது.

நெடுங்காலம் இதை அரசு அனுமதிக்கவில்லை. 1887-ல் உருவான ஆணையம் கட்டணங்களைக் கட்டிப்போட்டிருந்தது. லாரியும் நெடுஞ்சாலையும் வந்த பிறகு கம்பெனிகள் மூச்சுத் திணறின. 1970-ல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனி திவாலானது. 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் விலை நிர்ணயத்தை விடுவித்த பிறகுதான் தொழில் பிழைத்தது. கட்டணம் நேரடிச் செலவின் 180 சதவீதத்துக்கு மேல் போனால், அதுவும் வேறு வழியில்லாத வாடிக்கையாளராக இருந்தால் மட்டுமே, அந்த ஆணையத்தின் இடத்தில் இப்போது இருக்கும் தரைப் போக்குவரத்து வாரியம் அதன் நியாயத்தை விசாரிக்க முடியும்.

செலவில் பெரும்பங்கு நிலையானது என்றால், கம்பெனிகள் ஒன்றோடொன்று சேரவே பார்க்கும். 1980-ல் 'முதல் வகுப்பு' என்று வகைப்படுத்தப்பட்ட பெரிய ரயில் கம்பெனிகள் நாற்பது வாக்கில் இருந்தன, இன்று ஆறு. ரயிலை நீட்டுவதும் இதே கணக்குதான். வேகன் நூறானாலும் இருநூறானாலும் இரண்டு ஊழியர். நடுவிலும் கடைசியிலும் ரேடியோவால் இயங்கும் இன்ஜின்களை வைத்துவிட்டால் கொக்கிகள் தாங்கும். ஆனால் ஆட்களையும் இன்ஜின்களையும் எல்லை மீறிக் குறைத்ததன் விளைவு 2022-ல் தெரிந்தது. சரக்கு நேரத்துக்கு வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் வாரியத்தின் முன் வரிசையாக வந்து புகார் சொன்னார்கள். 100 டாலருக்கு 60 என்ற கணக்கின் ஒரு பகுதி இப்படி வந்தது என்பதே என் எண்ணம்.

வாசகர் கேட்ட விலைக்குக் காரணமும் வரைபடத்தில் இருக்கிறது. யூனியன் பசிபிக் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, நார்ஃபோக் சதர்ன் கிழக்கே. கடற்கரையிலிருந்து கடற்கரை வரை ஒரே கம்பெனி ஓட்டும் ரயில் அமெரிக்காவில் இதுவரை கிடையாது. சிகாகோ போன்ற இடத்தில் கை மாற வேண்டும். நாட்டின் ரயில் சரக்கில் சுமார் கால் பங்கு சிகாகோ வழியாகப் போகிறது, அங்கே நெரிசல் பேர்போனது. பத்து, இருபது நாள் காத்திருந்தாலும் நிலக்கரி கெடாது. ஆனால் 2008-க்குப் பிறகு நிலக்கரி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய கன்டெய்னர் ஒரு நாள் தாமதித்தாலும் லாரிக்குத் தாவிவிடும்.

1996-ல் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் கம்பெனியை விழுங்கியபோது, அடுத்த ஆண்டு ஹூஸ்டனைச் சுற்றி ரயில்கள் மாதக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கி நின்றன. அந்த அனுபவங்களுக்குப் பிறகு 2001-ல் வாரியம் விதியை இறுக்கியது. பெரிய கம்பெனிகள் சேர வேண்டுமென்றால் போட்டி குறையாது என்று காட்டினால் போதாது, கூடும் என்று நிரூபிக்க வேண்டும். எல்லை முதல் எல்லை வரை ஒரே கையில் வரும் பாதை கன்டெய்னர்காரருக்கு நல்லது என்று நான் நம்புகிறேன். ஒற்றைப் பாதையின் முனையில் உட்கார்ந்திருக்கும் மின் நிலையத்துக்கும் ரசாயன ஆலைக்கும் என்ன கட்டணம் என்பதைத்தான் வாரியம் உற்றுப் பார்க்க வேண்டும்.