மூக்கில் பிறந்து மூளைக்கு நடக்கும் கலங்கள்

உயர்தர வகுப்பில் முளைய விருத்தி படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "கலத்துக்குக் கண் இல்லையே ரீச்சர், அது எப்பிடி வழி கண்டுபிடிக்குது?"

நல்ல கேள்வி. கோண்டாவில் பக்கம் ஒழுங்கைக்குள் ஒரு வீட்டைத் தேடிப் போயிருக்கிறீர்களா? வேலிகள் எல்லாம் ஒரே மாதிரி. "வைரவர் கோயில் முடக்கால திரும்பி, நீலப் படலை" என்று யாராவது சொன்னால்தான் போய்ச் சேரலாம். கலமும் அடையாளங்களைத் தொட்டுத் தொட்டுத்தான் நகர்கிறது. அந்த அடையாளங்களில் பல, வெல்லச் சங்கிலிகளின் மேல் இருக்கின்றன.

வெல்லம் என்றதும் பனங்கட்டி ஞாபகம் வரும். இவை இனிப்புக்கானவை அல்ல. கல மேற்பரப்புப் புரதங்களில் கொளுவி நிற்கும் ஹெப்பரான் சல்பேற்று என்னும் நீண்ட சங்கிலிகள். இரண்டு வெல்ல அலகுகள் மாறி மாறி வரும், அவ்வளவுதான். சங்கிலி வளரும்போதே, கலத்துக்குள் இருக்கும் கொல்கி உபகரணம் என்னும் பகுதியில் நொதியங்கள் அதில் கை வைக்கத் தொடங்கும். ஒன்று அசற்றைல் கூட்டத்தைக் கழற்றி அங்கே சல்பேற்றை வைக்கும். இன்னொன்று ஒரு காபனில் மட்டும் அமைப்பைப் புரட்டிவிடும். அப்புறம் 2ஆம், 6ஆம் இடங்களில் சல்பேற்று ஏற்றுபவை வரும். எல்லா அலகிலும் இது நடப்பதில்லை, அங்கங்கே விட்டுவிட்டுத்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: புரதத்தின் வரிசை டிஎன்ஏயில் எழுதப்பட்டிருக்கிறது, இந்தச் சங்கிலியின் கோலத்துக்கோ அப்படி ஒரு மூலப்பிரதியே இல்லை. எந்தக் கலத்தில் எந்த நொதியம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்தே அது அமையும். கலத்துக்கு வெளியே வந்த பிறகும் 6ஆம் இடச் சல்பேற்றை வெட்டி எடுக்கும் நொதியங்கள் உண்டு.

சல்பேற்றுக்கு மறை ஏற்றம். கலங்களுக்குச் செய்தி கொண்டுபோகும் வளர்ச்சிக் காரணிப் புரதங்களில் நேர் ஏற்றமுள்ள திட்டுகள் உண்டு. கோலம் பொருந்தினால் சங்கிலி அவற்றை அலைந்து போகவிடாமல் பிடித்து, கலத்தின் வாங்கியிடம் சேர்த்துக் கொடுக்கும். இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஹெப்பரின் இதே குடும்பம்தான்.

பழ ஈயின் முளையத்தில் இந்தச் சங்கிலியைச் செய்யும் அல்லது சல்பேற்று ஏற்றும் நொதியம் பழுதானால், சுவாசக் குழாய்க் கலங்கள் சரியாக நகர்வதில்லை. அழைக்கும் வளர்ச்சிக் காரணி இருந்தும், கலத்துக்கு அது எட்டுவதில்லை. 1 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு புழுவில் ஒவ்வொரு நொதியமாக நீக்கிப் பார்த்தார்கள். ஒரு நரம்புக் கலம் ஒரு நொதியம் இல்லாதபோது வழி தடுமாறியது, இன்னொன்று வேறொரு நொதியம் இல்லாதபோது, சிலது எது இல்லாவிட்டாலும் தடுமாறவில்லை.

மனிதரிலும் இதற்கு இடமுண்டு. பருவமடைதலைத் தொடக்கும் நரம்புக் கலங்கள் முளையத்தின் மூக்குப் பகுதியில் பிறந்து, மண நரம்பு நார்களைப் பற்றியபடி மூளைக்கு நடக்கின்றன. சுண்டெலியில் அவை ஏறக்குறைய 800தான். கல்மன் நோயில் இந்தப் பயணம் தவறுகிறது; பருவமடைதலும் நடப்பதில்லை, மணமும் சரியாகத் தெரிவதில்லை. அதற்குக் காரணமான புரதங்களில் ஒன்று, ஹெப்பரான் சல்பேற்றைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. பருவமடையாத சிலரில், 6ஆம் இடத்தில் சல்பேற்று ஏற்றும் நொதியத்தின் மரபணுவிலேயே விகாரம் இருப்பது 2011இல் வெளிவந்தது.

வயது வந்தும் பருவமடையாத பிள்ளையிடம் வைத்தியர், "மல்லிகை மணம் தெரியுதா?" என்று கேட்பதுண்டு. கேள்வி சம்பந்தமில்லாததுபோல இருக்கும். தாய் தகப்பன் வெட்கப்படாமல் பதில் சொல்ல வேண்டும். இதற்கு ஓமோன் சிகிச்சை இருக்கிறது.