பிளான்டைன் என்பது வாழைக்காயா?

வாழை ஆராய்ச்சி பற்றிய உலக அறிக்கைகளில் 'பனானா', 'பிளான்டைன்' என்னும் இரண்டு சொற்களும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். 1985இல் தொடங்கி, பிரான்சின் மோன்பெலியே நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய பன்னாட்டு வாழை மேம்பாட்டு வலையமைப்பு தன் பெயரிலேயே இரண்டையும் வைத்திருந்தது. தமிழில் எழுதுவோர் முதலாவதை 'வாழைப்பழம்' என்றும் இரண்டாவதை 'வாழைக்காய்' என்றும் பெயர்த்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். இது பொருந்தாது. காயும் பழமும் ஒரே மரத்தின் இரு பருவங்கள்; பிளான்டைன் என்பதோ வாழையில் ஒரு தனி உட்பிரிவு. அதில் காயும் உண்டு, பழமும் உண்டு.

சொல்லின் பிறப்பு சற்றுக் குழப்பமானது. ஆங்கிலத்துக்கு இது 'பிளாதனோ' என்னும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் அச்சொல் முதலில் ஐரோப்பியச் சாலையோரங்களில் நிழல் தரும் ஒரு மரத்தையே குறித்தது; அதன் வேர், அகலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அகன்ற இலையைக் கண்டு வாழைக்கும் அப்பெயரை இட்டார்கள் என்பது ஒரு கருத்து. கரீபியப் பழங்குடியினர் வழங்கிய ஒலியொத்த ஒரு சொல்லே மருவி அம்மரத்தின் பெயரோடு கலந்தது என்பது இன்னொரு கருத்து. ஆங்கிலத்தில் பிளான்டைன் என்றே ஒரு சிறு களைச்செடியும் உண்டு. அது 'பாதம்' என்னும் லத்தீன் சொல்லின் வழி வந்தது, வாழைக்கு எந்த உறவும் இல்லாதது. 'பனானா' மேற்கு ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பரவியது.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் எல்லா வாழையையும் பிளான்டைன் என்றே அழைத்தனர். பழைய தமிழ்–ஆங்கில அகராதிகள் வாழைக்கு அந்தச் சொல்லையே பொருளாகத் தருவதும், வாழையிலையை இன்றும் சிலர் ஆங்கிலத்தில் 'பிளான்டைன் லீஃப்' என்பதும் அந்த வழக்கின் எச்சங்கள். ஆகவே பழைய அரசுக் குறிப்புகளில் இச்சொல்லைக் கண்டால் வெறுமனே 'வாழை' என்று கொள்வதே சரி. இன்றைய ஆய்வுக் கட்டுரையில் கண்டால் அப்படிக் கொள்ளக் கூடாது.

அறிவியல் பெயரிடலிலும் இந்தப் பிரிவினை ஒரு காலத்தில் இருந்தது. சமைத்து உண்ணும் வாழைக்கு 'மூசா பாரடிசியாகா' என்று 1753இலும், பழமாக உண்ணும் வாழைக்கு 'மூசா சாபியன்டம்' என்று 1759இலும் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். 'மூசா' என்பது வாழையைக் குறிக்கும் 'மௌஸ்' என்னும் அரபுச் சொல்லோடு தொடர்புடையது. முன்னது சொர்க்கத்தின் கனி, பின்னது ஞானியரின் கனி. இந்திய ஞானியர் உண்டு வாழ்வதாக ரோமானியர் பிளினி எழுதிய பழத்தின் நினைவில் எழுந்தது இரண்டாவது பெயர். (பிளினி சொன்னது வாழையையா பலாவையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.) பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பாரடிசியாகா என்பது பிளான்டைன் என்றும், சாபியன்டம் என்பது நம் ரஸ்தாளி சேர்ந்த வகை என்றும் அடையாளம் கண்டனர். இரண்டுமே தனிச் சிற்றினங்கள் அல்ல, கலப்பில் பிறந்தவை என்பதும் தெளிவாயிற்று.

அந்தக் கலப்பினை முறைப்படுத்தியவர்கள் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு ஆகிய இரு வாழை ஆய்வாளர்கள். மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டு வாழைகளிலிருந்தே நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை வந்தன என்று 1955இல் விளக்கிய அவர்கள், முன்னதன் மரபுத்தொகுதியை 'ஏ' என்றும் பின்னதை 'பி' என்றும் குறித்தனர். ஒரு வாழையில் எது எவ்வளவு என்றறிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. தோட்டத்தில் நின்றே 15 பண்புகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டால் போதும். தண்டில் கரும்பழுப்புத் திட்டுகள் அடர்ந்திருந்தால் ஏ பக்கம், அரிதாக இருந்தால் பி பக்கம். இலைக்காம்பின் வாய்க்கால் விரிந்திருந்தால் ஏ, விளிம்புகள் கூடி மூடியிருந்தால் பி. வாழைப்பூவின் மடல் நிமிர்ந்தபின் பின்னோக்கிச் சுருண்டால் ஏ, சுருளாமல் நின்றால் பி. கூட்டுத்தொகை 15ஐ நெருங்கினால் தூய அக்குமினாட்டா, 75ஐ நெருங்கினால் தூய பால்பிசியானா. மரபணு ஆய்வுகள் இந்தப் படத்தைப் பின்னர் நுட்பமாக்கினாலும் எழுத்துக் குறியீடு நிலைத்துவிட்டது.

இந்தக் குறியீட்டின்படி பிளான்டைன் 'ஏஏபி' தொகுதிக்குள் அடங்கும் ஓர் உட்குழு: 33 குரோமோசோம்களில் இரு பங்கு அக்குமினாட்டாவினுடையது, ஒரு பங்கு பால்பிசியானாவினுடையது. ரஸ்தாளி, பூவன், மலைவாழை ஆகியவையும் ஏஏபி தான். ஆனால் பிளான்டைன் அல்ல. பழுத்த பின்னும் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறாமல் தங்குவதும், சதை ஆரஞ்சு சாயலோடு இறுகியிருப்பதும் பிளான்டைனின் அடையாளங்கள். நம் மண்ணில் அதற்குரிய பெயர் நேந்திரன்; குமரி மாவட்டத்தில் ஏத்தன். பெரிய, கோணம் விழுந்த காய்கள். தாருக்கு ஐந்தாறு சீப்புக்குமேல் அரிது. காயாக வறுவலுக்கும், நன்கு பழுத்த பின் வேகவைத்து உண்ணவும் ஆகும். பூவனை அவித்தால் குழைந்துபோகும். நேந்திரன் துண்டு துண்டாகவே நிற்கும்.

பஜ்ஜிக்கும் பொரியலுக்கும் நாம் வாங்கும் வாழைக்காய் பெரும்பாலும் மொந்தன். அது 'ஏபிபி', ஆகவே ஆய்வாளர் கணக்கில் பிளான்டைன் அல்ல. உகாண்டாவில் காயாகவே அவித்து மசித்து உண்ணும் மத்தோக்கே வாழையோ 'ஏஏஏ'; அதுவும் பிளான்டைன் அல்ல. சமைக்கப்படுவதால் மட்டும் ஒரு வாழை பிளான்டைன் ஆகிவிடாது என்பதால்தான் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் தன் கணக்கில் 'பிளான்டைனும் சமையல் வாழையும்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

எனவே, இரு சொற்களும் இணைந்து பொதுப்பட வரும் இடத்தில் 'வாழை' என்ற ஒரு சொல்லே போதும். 1993இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் பெயரிலும் 'வாழை' மட்டுமே உண்டு. மொந்தனையும் மத்தோக்கேயையும் உள்ளடக்கிச் சொல்ல வேண்டுமானால் 'சமையல் வாழை'. பிளான்டைனை மட்டும் பிரித்துச் சொல்ல 'நேந்திர வாழை' அல்லது 'நேந்திர உட்குழு' என்பதே என் தேர்வு. மேற்கு ஆப்பிரிக்காவின் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளுக்கு நம் ஊர்ப் பெயரை ஏற்றலாமா என்று சிலர் தயங்கலாம். ஆனால் அவையும் நேந்திரனும் ஒரே உட்குழு என்பதால் பெயர் பொருளைப் பிறழவிடாது.

பெயர் பிறழ்ந்தால் விவசாயிக்குத்தான் சிக்கல். நைஜீரியாவில் இலைப்புள்ளி நோயைத் தாங்கும் பிளான்டைன் உருவாக்கப்படுவதை 'நோய் தாங்கும் வாழைக்காய்' என்று எழுதினால், மொந்தன் பயிரிடுபவர் அது தமக்கான செய்தி என்று நினைப்பார்; கேரளத்தில் 'கொக்கான்' என்று வழங்கும் வைரஸ் நோயால் அடிபடும் நேந்திரன் விவசாயியோ அதைத் தாண்டிப் போய்விடுவார்.