அணு உலைக்கு முன்பே ஒரு நாடு கட்டியெழுப்ப வேண்டியவை

ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா அணுமின் நிலையத்தில் முதல் உலை கட்டி முடிக்கப்பட்டதற்கு 2018 மார்ச்சில் விழா எடுத்தார்கள். ஆனால் அதை இயக்குவதற்கான உரிமம் 2020 பிப்ரவரியில்தான் கிடைத்தது. உலையை இயக்கப்போகும் பணியாளர்கள் முழுமையாகத் தயாராகவும், அதற்குரிய அனுமதிகளைப் பெறவும் அவ்வளவு காலம் தேவைப்பட்டது. உலையை விலைக்கு வாங்கிவிடலாம். அதைப் பாதுகாப்பாக நடத்தும் திறனை ஒரு நாடு தானேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் திறனைச் சர்வதேச அணுசக்தி முகமை 19 துறைகளாகப் பிரித்திருக்கிறது. சட்டம், நிதி, மனித வளம், கழிவு மேலாண்மை, அவசரகால ஆயத்தம் எல்லாம் அதில் அடங்கும். அமீரகம் 2008இல் கொள்கை அறிக்கை வெளியிட்டது. அணுகுண்டுத் தயாரிப்புக்கும் வழிவகுக்கக்கூடிய யுரேனியம் செறிவூட்டலைத் தன் மண்ணில் செய்வதில்லை என்றும் உறுதியளித்தது. 2009இல் சட்டம் இயற்றி, அணுமின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்த பிறகே, அந்த ஆண்டு டிசம்பரில் உலைகளைக் கட்டத் தென்கொரிய நிறுவனங்களின் கூட்டமைப்பைத் தேர்ந்தெடுத்தது. இந்த வரிசை மிக முக்கியம்; ஒப்பந்தம் முடிந்து பணம் கைமாறிய பிறகு உருவாகும் ஆணையத்துக்கு, வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவு எளிதில் வராது.

பொதுவெளியில் குறைவாகப் பேசப்படுவது மின்தொகுப்பு, அதாவது மின்நிலையங்களையும் பயனர்களையும் இணைக்கும் வலைப்பின்னல். பராக்காவின் ஒவ்வோர் உலையும் ஏறத்தாழ 1,400 மெகாவாட் தருகிறது. அது திடீரென நின்றால், அவ்வளவு மின்சாரமும் நொடிப்பொழுதில் தொகுப்பிலிருந்து விலகும், மின்னோட்டத்தின் அலைவெண் சரியும், ஈடுகட்டும் அளவுக்கு மற்ற நிலையங்களில் கையிருப்புத் திறன் இல்லாவிட்டால் நாடு முழுவதும் இருளில் மூழ்கக்கூடும். எனவே ஓர் உலையின் திறன் மொத்தத் தொகுப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். சிறிய நாடுகள் பலவற்றுக்கு முதல் தடையே இதுதான்.

உலைக்கும் தொகுப்பின் துணை வேண்டும். அணுப்பிளவுத் தொடர்வினையை நிறுத்திய உடனேயும், அணுக்கள் பிளந்ததில் உருவான பொருள்களின் கதிரியக்கச் சிதைவால் முழு வெப்பத்திறனில் சுமார் 6 விழுக்காடு வெப்பம் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். உலையின் வெப்பத்திறன் அதன் மின்திறனைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், பராக்கா அளவுள்ள உலையில் அது 200 மெகாவாட்டுக்கும் மேல். அது விரைவில் குறைந்தாலும் முற்றிலும் அடங்குவதில்லை. அதை அகற்றும் பம்புகளுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும், தவறினால் டீசல் ஜெனரேட்டர்கள் ஓட வேண்டும். 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் மின்தொடர்பை அறுத்தது. சுனாமி ஜெனரேட்டர்களை முடக்கியது. அதன் பிறகே உலைகள் உருகின.

பராக்காவின் நான்காம் உலை 2024இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இவ்வகை உலையின் வடிவமைப்பு ஆயுள் 60 ஆண்டுகள். அதற்குப் பின் நிலையத்தைப் பிரித்தெடுக்கும் செலவுக்கான நிதியத்துக்கு, ஆணையத்தை உருவாக்கிய அதே 2009ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்திருந்தது.