நாடியும் மூச்சும் பதியாத மூளை ஸ்கேன்

மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நரம்பணுக்களின் வேலையை நேரடியாகப் பார்ப்பதில்லை. அதையொட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைத்தான் பார்க்கிறது. 3 டெஸ்லா காந்தவலு கொண்ட கருவியில் அந்த மாற்றம் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். இதயத் துடிப்பும் மூச்சும் கிளப்பும் இரைச்சலும் அதே அளவுக்கு வரும். மூளைத்தண்டிலும் பெரிய ரத்தக்குழாய்களின் ஓரத்திலும் அதையும் மிஞ்சும்.

பிறகு ஃபில்டர் போட்டு நீக்கிவிடலாம் என்று பலர் நாடியையும் மூச்சையும் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 63 துடிப்பு என்றால் 1.05 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1.05 முறை. 2 நொடிக்கு ஒருமுறை (0.5 ஹெர்ட்ஸ்) படமெடுத்தால், அதில் பாதியான 0.25 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தன் சொந்த வேகத்தில் தெரியாது. இந்தத் துடிப்பு 0.05 ஹெர்ட்ஸ் அலையாக உருமாறி வரும். எந்த வேலையும் கொடுக்காமல் படுக்கவைத்துப் பார்க்கும் ஓய்வுநிலை ஆய்வில் நாம் தேடுவதே 0.01 முதல் 0.1 வரைதான். எந்த ஃபில்டராலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

அதனால் ஸ்கேன் நடக்கும்போதே பதிய வேண்டும். விரலில் பல்ஸ் சென்சார், மேல்வயிற்றில் மூச்சு பெல்ட். விரல் சில்லிட்டால் நாடி அலை தட்டையாகிவிடும், கையைப் போர்த்திவிடுங்கள். பெல்ட்டை இறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்படும். தொடங்கும் முன் ஒரு முறை ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லி, உச்சி முழுதாகத் தெரிகிறதா என்று திரையில் பாருங்கள்.

அதிகம் சொதப்புவது நேர ஒத்திசைவில்தான். ஸ்கேனர் படமெடுக்கும் நேரத்தைக் காட்டும் சமிக்ஞையான ட்ரிக்கரும் அதே கோப்பில் பதிவாக வேண்டும். தொடக்கத்தில் தள்ளிவிடும் நான்கைந்து படங்களைக் கணக்கில் விட்டால் 8, 10 நொடி பிசகும். அரை நொடி பிசகினாலே துடிப்பின் உச்சி இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் வந்து நிற்கும்; அப்புறம் திருத்தம் என்ற பெயரில் நாமே இரைச்சலைச் சேர்க்கிறோம்.

2000-இல் வந்த ரெட்ரோஇகோர் என்ற இரைச்சல் நீக்கும் முறை, ஒவ்வொரு ஸ்லைஸும் (படத்தின் ஒவ்வொரு அடுக்கும்) துடிப்பின், மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்று பார்க்கிறது. நாடிக்கு 4, மூச்சுக்கு 4 என 8 ரெக்ரஸர்கள் (இரைச்சலைக் கணித்துக் கழிக்க உதவும் தரவு வரிசைகள்) போதும். வெவ்வேறு நேரத்தில் எடுத்த ஸ்லைஸ்களை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும் ஸ்லைஸ் நேரத் திருத்தத்துக்கு முன்பே இதைச் செய்யுங்கள். மூச்சின் ஆழம் மாறும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடும் மாறி, ரத்தக்குழாய் விரியும், சுருங்கும். ஒரே ஒரு பெருமூச்சின் விளைவு அரை நிமிடம்கூட நீடிக்கும். அதற்கு மூச்சளவு ரெக்ரஸர் தனியாக வேண்டும்.

பதிவே இல்லையென்றால், இரைச்சலை ஸ்கேன் படங்களிலிருந்தே கணிக்கும் காம்ப்கோர் முறை கைகொடுக்கும். வெண்பொருள், மூளைத் தண்டுவடத் திரவம் இவற்றின் எல்லையைக் குறிக்கும் மாஸ்க்கை நன்கு சுருக்குங்கள்; நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்பொருள் கலந்தால் தேடும் சிக்னலும் போய்விடும்.

ஸ்கேனின்போது கொடுக்கும் பணியில், பட்டனை அழுத்தும்போதெல்லாம் மூச்சை அடக்குபவர்கள் உண்டு. அங்கே இரைச்சல் பணியோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சுப் பதிவைப் பணி நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவுகளை எழுதுங்கள்.