‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’: துரித உணவைக் கணக்கெடுக்கும் விதம்

2018 அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. 2013 முதல் 2016 வரை திரட்டிய தகவலின்படி, அந்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 36.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் அன்று துரித உணவு சாப்பிட்டிருந்தார்கள். செய்தியாகிக் கைமாறும்போது இது ‘மூன்றில் ஒருவர் தினமும் ஃபாஸ்ட் ஃபுட் சாப்பிடுகிறார்’ என்று ஆகிவிட்டது. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.

நூறு பேர் உள்ள ஓர் ஊரை நினைத்துக்கொள்வோம். எந்த நாள் போய்ப் பார்த்தாலும் பர்கர் கடையில் சுமார் 37 பேர் இருக்கிறார்கள். அதே 37 பேர் தினமும் வந்து, மற்ற 63 பேர் அந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருக்கலாம். அல்லது நூறு பேரும் மாறி மாறி வரலாம், அப்போது ஆளுக்கு வாரத்தில் சராசரியாக இரண்டரை நாள் (0.366 × 7 = 2.56) கணக்காகும். ஒரே நாளில் எண்ணினால் இரண்டு ஊருக்கும் விடை ஒன்றுதான்.

ஆகவே ஒரே ஆளிடம் இரண்டு நாள் கேட்க வேண்டும். முதல் வகை ஊரில் இரண்டு நாளும் சாப்பிட்டவர்கள் 36.6 சதவீதம் தேறுவார்கள். இரண்டாவது வகை ஊரில் 0.366 × 0.366, அதாவது 13.4 சதவீதம்தான். உண்மை நிலவரம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ விழும். எந்தப் பக்கம் நெருங்கி விழுகிறது என்பதைப் பார்த்தால், வாடிக்கையாக வருபவர்கள் எவ்வளவு, எப்போதாவது எட்டிப்பார்ப்பவர்கள் எவ்வளவு என்று மதிப்பிடலாம்.

சிடிசியின் எண்கள் வருவது என்ஹேன்ஸ் என்ற தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பிலிருந்து. 1999 முதல் இது தொடர்ச்சியாக நடக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 பேர். டிரெய்லர்களில் அமைந்த நடமாடும் பரிசோதனை மையம் ஊர் ஊராகப் போகும். 2020 வரை அங்கே ஒருமுறை நேரில் கேட்டார்கள். 3 முதல் 10 நாள் கழித்து தொலைபேசியில் இன்னொரு முறை. கேள்வி ஒன்றுதான்: நேற்று நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்னென்ன உள்ளே போனது?

கேட்க எளிது, விடை வாங்குவதுதான் பாடு. சும்மா கேட்டால் மூன்று வேளைச் சாப்பாட்டைச் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதனால் அமெரிக்க வேளாண் துறை வகுத்த முறைப்படி ஒரே நாளை ஐந்து சுற்றாகக் கிளறுகிறார்கள். முதல் சுற்றில் குறுக்கே பேசாமல், வாய்க்கு வந்த வரிசையில் பட்டியல் போட விடுவார்கள். இரண்டாவது, மறந்தவற்றுக்கான சுற்று: காபி, குளிர்பானம், மது, இனிப்பு, நொறுக்குத் தீனி, பழம், ரொட்டி என்று வகை வகையாகப் பெயர் சொல்லித் தூண்டுவார்கள். மூன்றாவதில் ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்கு, எந்த வேளையில் என்று குறிப்பார்கள். நான்காவதுதான் நீளமானது, என்ன வகை, எப்படிச் சமைத்தது, எவ்வளவு, எங்கே வாங்கியது என்று ஒவ்வொரு பொருளையும் துருவுவார்கள். நேரில் கேட்ட காலத்தில், அளவைச் சொல்லக் கிண்ணம், குவளை, கரண்டி, அளவுகோல், தடிமன் காட்டும் குச்சிகள் எல்லாம் மேசையில் இருந்தன. ஐந்தாவது சுற்று, கடைசியாக ஒருமுறை ‘வேறு ஏதாவது உண்டா?’

துரித உணவுக் கணக்கு நிற்பது நான்காவது சுற்றின் ‘எங்கே வாங்கியது’ என்ற ஒற்றைக் கேள்வியில். விடைகளில் ‘துரித உணவகம் அல்லது பீட்சா கடை’ ஒரு வகை. பரிமாற ஆள் இருக்கும் உணவகம் வேறு வகை. மளிகைக் கடை வேறு. பர்கர் என்பதால் மட்டும் துரித உணவு ஆகிவிடாது. சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த பர்கர் வாங்கி வீட்டில் சுடவைத்தால் அது மளிகைக் கணக்கு. துரித உணவகத்தில் ஒரு கோப்பை காபி மட்டும் குடித்தவரோ அன்று ‘துரித உணவு சாப்பிட்டவர்’ ஆகிறார். உணவின் தரத்தைப் பற்றிய எண் என்று இதைப் படிப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இது கடையைப் பற்றிய எண்.

‘வாரத்துக்கு எத்தனை முறை போகிறீர்கள்?’ என்று நேரடியாகக் கேட்டால் என்ன? கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 2013-இல் அமெரிக்கர்களிடம் கேட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் வாரம் ஒருமுறையாவது போவதாகச் சொன்னார்கள். மற்ற பாதிப் பேர் அதைவிடக் குறைவு என்றால், ஆளுக்குச் சராசரி இரண்டரை நாள் என்பதோடு இது எளிதில் பொருந்தாது. பழக்கத்தைக் கேட்டால் மனம் ‘வழக்கமான’ தன்னை நினைத்துச் சொல்கிறது. நேற்றைக் கேட்டால், வண்டியை நிறுத்தாமல் ஜன்னல் வழியாக வாங்கிய குளிர்பானமும் பட்டியலில் ஏறுகிறது.

ஐந்து சுற்று கேட்டாலும் மறைப்பு தீர்வதில்லை. வாஷிங்டன் வட்டாரத்தில் 524 பேரிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18-உம் (கனமான ஆக்சிஜன்) கலந்த நீரைக் குடிக்கவைத்து, இரண்டும் உடலிலிருந்து வெளியேறும் வேகத்தை ஒப்பிடுவது அந்தச் சோதனையின் அடிப்படை. டியூட்டீரியம் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். வித்தியாசத்திலிருந்து வாயுவின் அளவும், அதிலிருந்து செலவான ஆற்றலும் தெரியவரும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால், வாய்மொழிக் கணக்கு சராசரியாக 11 சதவீதம் குறைவு. இயல்பான எடை உள்ளவர்களிடம் குறைவு 3 சதவீதத்துக்கும் கீழே. எடை கூடியவர்களிடம் அதிகம்.

இனி காலப்போக்குக்கு வருவோம். அமெரிக்காவில் வீட்டுக்கு வெளியே தயாரான உணவின் பங்கு 1977-78-இல் மொத்தக் கலோரியில் 18 சதவீதம். 1990-களின் நடுவில் 32 சதவீதம். இவ்வளவு பெரிய ஏற்றத்தைக் கேள்வியின் கோளாறு என்று தள்ள முடியாது. அதற்குப் பிந்தைய அசைவுகள் சிறியவை. பெரியவர்களின் கலோரியில் துரித உணவின் பங்கு 2003-06-இல் 12.8 சதவீதம், 2007-10-இல் 11.3, 2013-14-இல் 14.1, 2021 ஆகஸ்ட் முதல் 2023 ஆகஸ்ட் வரை 11.7.

கடைசி இறக்கத்தை நான் உடனே நம்பமாட்டேன். 2020 மார்ச்சில் தொற்றால் நின்றுபோன கணக்கெடுப்பு 2021 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியபோது, இரண்டு நேர்காணலும் தொலைபேசிக்கு மாறிவிட்டன. மேசையும் குச்சிகளும் போயின. பழக்கம் மாறியதா, கேட்ட விதம் மாறியதா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மேலும், இது கலோரிப் பங்கு. கடைக்குப் போகும் தடவை குறையாமலே, வாங்கும் அளவு சிறுத்தாலும் பங்கு இறங்கும்.

வயதுக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 2013-16-இல் ஏதாவது ஒரு நாளில் துரித உணவு சாப்பிட்டவர்கள் 20 முதல் 39 வயதினரில் 44.9 சதவீதம், 60 தாண்டியவர்களில் 24.1. வயதானால் பழக்கம் விட்டுப்போகும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. இவர்கள் வெவ்வேறு தலைமுறை. துரித உணவகங்கள் பெருகுமுன் வளர்ந்தவர்கள் ஒருபக்கம், அவற்றிலேயே பிறந்தநாள் கொண்டாடியவர்கள் மறுபக்கம். வருமானத்தில் பலர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு: குறைந்த வருமானக் குடும்பங்களில் 31.7 சதவீதம், உயர்ந்த வருமானத்தில் 42.

இந்தியாவில் இதற்கு ஈடான தொடர் கணக்கு கிடையாது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு: பானம், தயாரித்த உணவு என்ற தொகுதிக்கு நகரக் குடும்பச் செலவில் 1999-2000-இல் 6.35 சதவீதம், 2022-23-இல் 10.64. இடையில் கேட்கும் கால அளவு, வீட்டுக்குப் போகும் தடவை எல்லாம் மாறியிருக்கின்றன. அதைவிட முக்கியம், அந்தத் தொகுதிக்குள் என்ன இருக்கிறது என்பது. வெளியில் வாங்கிய சாப்பாடு, பிஸ்கட், சிப்ஸ், டீக்கடை டீ, வீட்டுக்கு வாங்கும் தேயிலை, ஊறுகாய் எல்லாம் அதில்தான் சேர்கின்றன.