"ரேகை விழலம்மா, இன்னொரு தடவ வைங்க"

மாதம் 15-ஆம் தேதியை ஒட்டி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கணக்கில் ஏறும். உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கம் பஸ் ஏறி வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதைவிட, ஊருக்குள் இருக்கும் வங்கி முகவரிடம் ரேகை வைத்து எடுப்பதுதான் பலருக்கும் தோது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டாவது தடவை விரல் வைக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

இதில் ஏடிஎம் கார்டு, பின் நம்பர், ஓடிபி எதுவும் கிடையாது. முகவர் தன் போனில் வங்கியைத் தேர்ந்தெடுத்து, ஆதார் எண்ணையும் தொகையையும் அடிப்பார். ரேகைக் கருவியில் வெளிச்சம் எரியும். விரல் வைத்தால் பணம் கழிந்துவிடும். ஆக, விரல்தான் கையெழுத்து. முதல் தடவையே பணம் கழிந்திருக்க, "விழல" என்று சொல்லி மறுபடி வைக்கச் சொன்னால் இரண்டு கையெழுத்து ஆகிவிடுகிறது. "பேலன்ஸ் பாக்குறேன்" என்று சொல்லிப் பணம் எடுப்பதும் இப்படித்தான். திரை அவர் பக்கம் இருக்கிறது. நம் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, தொகையைப் படித்த பிறகே விரலை நீட்டுங்கள்.

ரேகை நிஜமாகவே விழாமல் போவதும் உண்டு. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. களையெடுத்து, செங்கல் அறுத்து, பாத்திரம் தேய்த்து விரல் வழுவழுத்துப் போயிருக்கும். கையைக் கழுவித் துடைத்து, லேசான ஈரத்தோடு வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் படியாவிட்டால் மோதிரவிரலும் செல்லும்.

கருவியே ரேகையைப் பிடிக்காவிட்டால் ரசீதுச் சீட்டு வராது. கோரிக்கை வங்கி வரை போய்த் திரும்பியிருந்தால் சீட்டில் 12 இலக்க ஆர்ஆர்என் எண், அதாவது அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண், இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகமென்றால் வங்கியின் மிஸ்டு கால் எண்ணில் இருப்பைப் பாருங்கள், அதற்கு ரேகை வேண்டாம். முகவருக்குக் கமிஷன் வங்கி கொடுக்கிறது. உங்களிடம் தனியாக இருபது, முப்பது கேட்கக் கூடாது.

"சர்வர் போச்சு" என்று பணம் தராமல் அனுப்பினாலும் கணக்கில் கழிந்திருக்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி 5 நாளுக்குள் திரும்ப ஏற வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். மோசடி என்று தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். வங்கிக் கிளையில் 3 வேலை நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தை அங்கே எடுபடாது.

ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டியும் வைக்கலாம். ஆனால் பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை எடுக்காது, சாமான் வாங்கப் போகும்போது திறந்துவிட வேண்டும். பூட்டவும் திறக்கவும் ஓடிபி, ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும். பல வீடுகளில் அந்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கிறது. முதலில் ஆதார் மையத்தில் அம்மாவின் சொந்த எண்ணைப் பதிந்துவிடுங்கள்.