ஷெங்சியாவ்: 'சீன ராசி' சரியான சொல்லா?

சீனாவில் தாங் வம்சக் காலத்துக் (618–907) கல்லறைகளில் கிடைத்த சுடுமண் உருவங்களில் ஒரு வகை, பார்த்த மாத்திரத்தில் மனதில் நின்றுவிடும். உடல் மனித உடல். தரை தொடும் அங்கி, மார்புக்கு முன்னால் சேர்த்து வைத்த கைகள், அரசு அலுவலர் ஒருவர் பணிவாக நிற்கும் தோரணை. தலை மட்டும் எலி, குதிரை, சேவல் என்று மாறிக்கொண்டே போகும். மொத்தம் பன்னிரண்டு. தமிழில் இவற்றை 'சீன ராசிப் பீங்கான் பொம்மைகள்' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இந்தத் தொடரில் ராசியும் பொருந்தவில்லை, பீங்கானும் பொருந்தவில்லை.

சீனர்கள் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கை வைத்திருக்கிறார்கள்; பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதே விலங்கு திரும்ப வரும். இந்த விலங்குகளுக்குச் சீன மொழியில் ஷெங்சியாவ் என்று பெயர். 'ஷெங்' என்றால் பிறப்பு. 'சியாவ்' என்றால் ஒத்திருத்தல், சாயல். பிறப்போடு வந்த சாயல் என்று பொருள் கொள்ளலாம். அன்றாடப் பேச்சில் 'ஷூ' என்ற வினைச்சொல்லைப் பயன்படுத்துவார்கள். அதற்குச் 'சேர்ந்திருத்தல்' என்று பொருள். "நீங்கள் எதைச் சேர்ந்தவர்?" என்று கேட்டால் "புலியைச் சேர்ந்தவன்" என்று பதில் வரும். வயதை நேராகக் கேட்காமல் தெரிந்துகொள்ள இது ஒரு நாகரிகமான வழி. ஆளைப் பார்த்தால் பன்னிரண்டு வருட வித்தியாசம் தெரியாமலா போகும்?

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, காலத்தைக் கணக்கிடும் பன்னிரண்டு குறியீடுகள். இவற்றைப் 'பூமிக் கிளைகள்' என்பார்கள். 'வானத் தண்டுகள்' என்ற வேறு பத்துக் குறியீடுகளோடு இவற்றை இணைத்துச் சுழற்றினால் அறுபது ஆண்டுச் சக்கரம் கிடைக்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு விலங்கு. 1975இல் ஹூபெய் மாகாணத்தின் ஷுய்ஹூதி கல்லறையில் கிடைத்த மூங்கில் ஓலைகளில் இந்த விலங்குப் பட்டியல் இருக்கிறது, காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அதில் இன்று குதிரை இருக்கும் இடத்தில் மான் இருக்கிறது! பட்டியல் இன்றைய வடிவத்துக்கு வந்தது பிறகுதான். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாங் சொங் என்ற அறிஞர் எழுதியதைப் படித்தால் பன்னிரண்டும் நமக்குத் தெரிந்தவையாகவே இருக்கின்றன.

அதே பன்னிரண்டு கிளைகள் நாளின் இரண்டிரண்டு மணி நேரத்தையும் குறிக்கும், திசைகளையும் குறிக்கும். எலி வடக்கு, நள்ளிரவு. குதிரை தெற்கு, நண்பகல். கல்லறைச் சுவர்களில் மாடம் குடைந்து இந்த உருவங்களை வைத்ததற்குக் காரணம் இதுதான். இறந்தவரைச் சுற்றிக் காலமும் திசையும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். இந்த உருவங்களை வெறும் அலங்காரப் பொம்மை என்று நினைத்துவிட்டால் அவற்றின் பாதி அர்த்தம் போய்விடும்.

சரி, ராசி ஏன் பொருந்தவில்லை? ராசி என்பது வான்வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்த பகுதி, ஒவ்வொன்றும் 30 பாகை. பிறந்தபோது சந்திரன் நின்ற பகுதியே நம் ராசி. சந்திரன் ஒன்றில் இரண்டேகால் நாள்தான் இருக்கும். ஷெங்சியாவுக்கும் விண்மீன் கூட்டங்களுக்கும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. ஒரு முழு ஆண்டில் பிறந்த எல்லோருக்கும் ஒரே விலங்கு. அந்த ஆண்டும் சீனப் புத்தாண்டிலிருந்தே கணக்கு. 2024 பிப்ரவரி 10 அன்றுதான் டிராகன் ஆண்டு பிறந்தது; அதற்கு முந்தைய வாரம் பிறந்த குழந்தை முயல்.

நம் சோதிடத்தில் இதற்குக் கிட்டத்தில் வருவது யோனிப் பொருத்தம். அசுவினிக்குக் குதிரை, மகத்துக்கு எலி என்று நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் விலங்கு உண்டு. கல்யாணத்துக்குப் பகை பார்ப்பதும் உண்டு. சீனர்களும் ஆண்டு விலங்கை வைத்து ஜோடிப் பொருத்தம் பார்த்தவர்கள்தான். ஆனால் மக நட்சத்திரக்காரர் யாரும் தன்னை எலி என்று அறிமுகம் செய்துகொள்வதில்லை. சீனத்தில் அந்த விலங்கு ஆளுடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. அதனால் நான் 'பிறப்பாண்டு விலங்கு' என்றே எழுதுவேன். சுருக்கமாக, 'ஆண்டு விலங்கு'.

அடுத்து பீங்கான். பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். மலாயில் 'பிங்கான்', சிங்களத்தில் 'பிங்கான', இரண்டுக்கும் தட்டு என்று பொருள். தமிழில் அந்தச் சொல் பாத்திரத்திலிருந்து பொருளுக்குத் தாவி, வெள்ளைக் களிமண்ணை 1,300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுட்டு எடுக்கும் வழுவழுப்பான பண்டத்தைக் குறிக்கிறது. செராமிக் என்பது இன்னும் விரிந்த சொல். குயவர் மண்ணைக் குறிக்கும் 'கெராமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. செங்கல் முதல் பீங்கான் வரை எல்லாம் அதில் அடங்கும். பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலம் பக்கம் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள், அந்த ஊர்த் தொழிலுக்கு அது போதும். தாங் காலத்து ஆண்டு விலங்குகளோ, குறைந்த வெப்பத்தில் சுட்ட மண். சிலவற்றுக்கு வண்ணம் தீட்டியிருப்பார்கள். சிலவற்றுக்கு 'சான்சாய்', அதாவது மூவண்ணப் பூச்சு: ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சில் செம்பு பச்சையைத் தரும், இரும்பு தேன் நிறத்தைத் தரும். இவற்றுக்குச் 'சுடுமண்' என்ற நம் சொல்லே கச்சிதம். மனித உடல் இருப்பதால் 'சுடுமண் பாவை' என்றும் தாராளமாகச் சொல்லலாம்.

பிற்காலத்து வேலைகளுக்கு வந்தால், குவாங்டொங் மாகாணத்தில் ஃபோஷான் நகரின் ஷிவான் பகுதியைச் சொல்லியாக வேண்டும். அங்குள்ள நான்ஃபெங் சூளை மிங் வம்சக் காலத்திலிருந்து எரிகிறது. ஷிவான் கலைஞர்கள் விலங்குகளைச் செய்யும்போது, ரோமம் வரும் இடத்தில் பூச்சு போடாமல் மண்ணை அப்படியே கீறி விட்டுவிடுவார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் விலங்குக்கு உயிர் வருகிறது. மேலே முழுக்கப் பளபளப்பு பூசிய உருவங்களைவிட எனக்கு இவையே பிடிக்கும்.

அப்புறம் ஒவ்வொரு விலங்கின் பெயர். சீனத்தில் 'யாங்' என்பது செம்மறியா வெள்ளாடா என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் திண்டாடுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'ஆடு' இரண்டையும் தாங்கும். 'எலி'யும் அப்படியே. டிராகன்தான் சிக்கல். பன்னிரண்டில் கற்பனை விலங்கு அது ஒன்றே. யாளி என்று எழுத ஆசை வரும். ஆனால் யாளிக்குச் சிங்க உடல், சீன 'லோங்' பாம்பு போல நீண்டு, மழையையும் நீரையும் ஆளும் விலங்கு. நாகம் என்றால் அடுத்த ஆண்டின் பாம்போடு குழம்பும். அங்கே மட்டும் டிராகன் என்றே எழுதிவிடலாம்.